வீரசோழபுரத்துச் சுந்தரர்: ஒரு பழைய போட்டோ சொன்ன சாட்சி

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. அவசரத்துல இருக்கறவங்க சேமிச்சு வெச்சுக்கிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படிங்க.

கள்ளக்குறிச்சின்னு சொன்னாலே வெளியூர்க்காரங்களுக்கு இப்ப ஞாபகம் வர்றது 2024 ஜூன்ல நடந்த மெத்தனால் சாவுகள்தான். எங்க டாக்டர்கள் வட்டத்துலயும் அதேதான். ஊர் பேரைச் சொன்ன உடனே மெத்தனால், ஃபோமிபிசோல், டயாலிசிஸ், பார்வை இழப்புன்னு பேச்சு அந்தப் பக்கமே போயிடும். அதைப் பத்தி நிறைய பேசியாச்சு, இன்னும் பேசணும். ஆனா இன்னைக்கு அந்தப் பெயரை வேற ஒரு இடத்துல படிச்சதைப் பத்திச் சொல்றேன்.

2026 ஜனவரி மாதம் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன்னிடம் உள்ள மூன்று தமிழ்நாட்டு வெண்கலச் சிற்பங்கள் கோயில்களிலிருந்து சட்டத்துக்குப் புறம்பாக எடுக்கப்பட்டவை, அவற்றை இந்தியாவிடம் திருப்பித் தருகிறோம் என்பது செய்தி. ஒன்று சோழர் கால நடராஜர். இன்னொன்று சோமாஸ்கந்தர். மூன்றாவது, விஜயநகர காலம், 16ஆம் நூற்றாண்டு: சுந்தரரும் பரவை நாச்சியாரும். அது இருந்த இடம் என்று அவர்களே போட்டிருந்த முகவரி: கள்ளக்குறிச்சி தாலுகா, வீரசோழபுரம், சிவன் கோயில்.

நம்ம சேலம்–உளுந்தூர்பேட்டை ரோடு பக்கத்துக் கிராமம். பஸ்ல போறப்போ ஜன்னல் வழியா பார்த்துட்டுத் தாண்டிப் போயிடுற ஊர். அந்த ஊர்ச் சுந்தரர் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துல இருந்து நடந்து போற தூரத்துல இருந்திருக்கார். எப்படிப் போனார், எப்படிக் கண்டுபிடிச்சாங்க? எனக்குச் சுவாரசியமா பட்டது ரெண்டாவது கேள்விதான்.

முதல்ல சுந்தரர் யாருன்னு தெரியாதவங்களுக்கு. சைவ சமயக் குரவர் நால்வரில் ஒருவர். பிறந்தது திருநாவலூர். உளுந்தூர்பேட்டை தாலுகா, இன்றைய கணக்கில் அதுவும் கள்ளக்குறிச்சி மாவட்டம்தான். திருமுனைப்பாடி நாட்டை ஆண்ட நரசிங்க முனையரையர் அவரைப் பிள்ளையாக வளர்த்தார் என்பது பெரிய புராணம் சொல்லும் கதை. திருநாவலூர்க் கோயிலைக் கல்லில் எடுத்தது பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன். 949இல் தக்கோலப் போரில் யானை மேலேயே செத்துப்போன அதே இளவரசன்தான். வடக்கிலிருந்து வரப்போகும் ராஷ்டிரகூடர்களுக்காகப் படையோடு இந்தப் பக்கம் முகாம் போட்டிருந்த காலத்தில் கட்டினது. ஆக, சுந்தரர் இந்த மண்ணுக்கு வெறும் கோயில் பொம்மை இல்லை. உள்ளூர்ப் பிள்ளை.

அவர் கல்யாணக் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். புத்தூரில் மணப்பந்தல். ஒரு கிழவர் வந்து, 'இவன் எனக்கு அடிமை, இவன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இருக்கு' என்று நிறுத்துகிறார். சுந்தரர் கோபத்தில் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது.

இங்கதான் நான் எப்பவும் நின்னுடுவேன். பக்தர்களுக்கு இது தடுத்தாட்கொண்ட கதை. எனக்கு இது ஒரு ஆவணச் சோதனைக் கதையாவும் படும். கிழவர் சபையில் சொல்கிறார்: அவன் கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சபையார் அதோடு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தாத்தா வேறு எப்போதோ எழுதி, காப்பில் இருந்த இன்னொரு ஓலையை வரவழைத்து, இரண்டின் கையெழுத்தையும் ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. தீர்ப்பு கிழவர் பக்கம். வந்தவர் சிவன் என்பது அதற்கு அப்புறம்தான் தெரிகிறது.

கவனிச்சுப் பாருங்க. எதிர்ல நிக்கறது சாட்சாத் கடவுள். அப்படியிருந்தும் சபை கேட்ட கேள்வி, 'ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவு எங்கே?' என்பதுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை எழுதுகிறபோது அரசு வேலை பார்த்தவர், ஓலைகளோட பழகினவர். அந்த அனுபவம் தெரியுது.

இப்ப வாஷிங்டன் கதைக்கு வருவோம். அங்கேயும் அதே கேள்விதான் வந்தது. 'ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவு எங்கே?'

பதில் புதுச்சேரியில் இருந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கு, போனவங்க பார்த்திருப்பீங்க. 1955இல் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் இந்தியாவோடு பேசி, படிப்புக்காக ஏற்படுத்திய நிறுவனம். முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. இவரும் மருத்துவம் படித்தவர், கண் மருத்துவர்! பிறகு சமஸ்கிருதம், தமிழ், ஆயுர்வேத வரலாறு என்று போய்விட்டார். (நம்ம ஆளுங்க எங்க போனாலும் ஒருத்தர் இருப்பாங்க. இந்தக் கதையில இன்னொரு டாக்டரும் வர்றார், அவர் கொஞ்சம் சிக்கலான ஆள்.)

1956 முதல் அந்த நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்க ஆரம்பித்தது. நோக்கம் திருட்டுத் தடுப்பு இல்லை. ஆகமங்களில் எழுதியிருக்கும் மூர்த்தங்களுக்கும் உண்மையில் கோயில்களில் இருக்கும் மூர்த்தங்களுக்கும் என்ன ஒற்றுமை, என்ன வேறுபாடு என்று படிப்பதற்காக. பெரிய கோயில், சின்னக் கோயில் என்று பார்க்கவில்லை. கருப்பு வெள்ளைப் படம், கூடவே ஊர், தாலுகா, மாவட்டம், ஆண்டு. இன்றைக்கு அந்தச் சேகரிப்பில் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன.

அந்த முதல் வருஷமே, 1956இல், அவர்கள் வீரசோழபுரம் வந்திருக்கிறார்கள். அன்றைக்கு அது தென்னாற்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். மாவட்டப் பெயர் இரண்டு தடவை மாறிவிட்டது, ஆனால் பதிவில் இருந்த 'கள்ளக்குறிச்சி தாலுகா' என்ற முகவரி மாறவில்லை. அதனால்தான் எழுபது வருஷம் கழித்தும் ஊரைச் சரியாகப் பிடிக்க முடிந்தது. நாங்க ஹவுஸ் சர்ஜன்களை 'தேதி போடு, பெயர் எழுது, வலதா இடதா குறி'ன்னு உயிரை எடுக்கறது சும்மா இல்லைங்க. அன்னைக்கு அது யாருக்கும் தேவைப்படாது. என்னைக்கோ ஒருநாள் அது மட்டும்தான் தேவைப்படும்.

சரி, ஒரு போட்டோவை வெச்சு 'இதுதான் அது'ன்னு எப்படி உறுதியாச் சொல்ல முடியும்? சிலைகள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு?

இல்லை. காரணம் செய்முறையில் இருக்கிறது. நம் ஸ்தபதிகள் உலோகத் திருமேனி செய்கிற விதம் இது: முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள். அதன் மேல் மெல்லிய வண்டல் மண் பூசி, காயவைத்து, மேலே கெட்டி மண் சாத்தி அச்சாக்குவார்கள். அச்சைச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறினதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. ஒரு அச்சுக்கு ஒரு குழந்தை. அதே ஸ்தபதி அதே மூர்த்தத்தை நாளைக்கே செய்தாலும் அது இன்னொரு சிலைதான், இரட்டைப் பிள்ளை கூட இல்லை.

அதற்கு மேல் உளி வேலை. அதற்கும் மேல் நூற்றாண்டுக் கணக்கில் எண்ணெய், பால், சந்தனம், புளி போட்டுத் தேய்ப்பு. மூக்கு நுனி ஒரு பக்கம் கொஞ்சம் மழுங்கும். ஆபரணத்தில் ஒரு மணி தேய்ந்துபோகும். புறப்பாட்டில் எங்கேயோ இடித்துப் பீடத்தில் ஒரு நெளிவு விழும். வார்ப்பில் விழுந்த சின்னக் குழி அப்படியே நிற்கும். இவையெல்லாம் சேர்ந்தால் அது கைரேகை மாதிரி.

தீ விபத்தில் கருகிய உடல் வரும்போது தடயவியல் துறையில் என்ன செய்கிறார்கள்? இறப்பதற்கு முன் அந்த ஆள் பல் டாக்டரிடம் எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்று தேடுவார்கள். அடைத்த பல், பிடுங்கிய பல், வேரின் வளைவு, எல்லாம் பொருந்தினால் ஆள் அவர்தான். முன்பு எடுத்த படம் இல்லை என்றால் எவ்வளவு பெரிய நிபுணரும் கையைப் பிசைய வேண்டியதுதான். 1956 படம் வீரசோழபுரத்துச் சுந்தரருக்கு அந்தப் பழைய எக்ஸ்ரே.

அந்தப் படத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது தேதி. நான் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

1947இல் இந்தியா பழம்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மத்திய அரசின் உரிமம் இல்லாமல் ஒரு பழம்பொருளும் நாட்டை விட்டுப் போகக் கூடாது. 1972இல் வந்த சட்டம் இதை இன்னும் இறுக்கியது. அதனால் சிலை வியாபாரிகள் வழக்கமாகச் சொல்லும் கதை என்ன? 'இது ரொம்ப காலத்துக்கு முன்னாடியே, வெள்ளைக்காரன் காலத்துலயே ஐரோப்பாவுக்குப் போயிடுச்சு.' இல்லைன்னு நிரூபிக்கறது கஷ்டம். ஆனா 1956இல் அது கள்ளக்குறிச்சி தாலுகாவில் கோயிலுக்குள்ள நிக்கற போட்டோ இருந்தா? அந்தக் கதை அந்த இடத்துலயே செத்துப்போச்சு. 1956இல் இங்கே, 1987இல் அங்கே. நடுவில் உரிமம் இல்லை. அவ்வளவுதான் வழக்கு.

1987 எங்கிருந்து வந்தது? அதுதான் நான் சொன்ன இன்னொரு டாக்டர்.

ஆர்தர் சேக்லர். அமெரிக்க மனநல மருத்துவர், 1913இல் புரூக்ளினில் பிறந்தவர். மருத்துவராக இருந்துகொண்டே மருந்து விளம்பரத் துறையில் இறங்கி அந்தத் துறையையே மாற்றியவர். மருந்தை டாக்டர்களிடம் எப்படிக் கொண்டுபோவது, மருத்துவ இதழில் எப்படி விளம்பரம் செய்வது, இதெல்லாம் இன்றைக்கு இருக்கும் வடிவத்துக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. 1963இல் வந்த வேலியம் மாத்திரை உலகம் முழுக்கப் பரவியதில் அவர் விளம்பரக் கம்பெனியின் கை உண்டு. நம்ம ஓபிக்கு வெளியே பை தூக்கிக்கிட்டு நிக்கிற மருந்துப் பிரதிநிதி தம்பிகளோட தொழிலுக்கு அவர் ஒரு பெரியப்பா மாதிரி.

சம்பாதித்த பணத்தில் ஆசியக் கலைப்பொருட்களாக வாங்கிக் குவித்தார். அதில் சுமார் ஆயிரம் பொருட்களையும், கட்டடத்துக்கு 40 லட்சம் டாலரும் ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்தார். 1987 செப்டம்பரில் அவர் பெயரிலேயே அருங்காட்சியகம் திறந்தது. அவர் அந்த மே மாதமே இறந்துவிட்டார். அந்த ஆயிரத்தில் ஒன்றுதான் நம் சுந்தரர். சோமாஸ்கந்தரும் அதே தொகுப்பில் போனவர்தான்.

சேக்லர் என்றதும் ஆக்ஸிகான்டின் ஞாபகம் வந்திருக்கும் சிலருக்கு. நியாயமா ஒண்ணு சொல்லிடணும். அமெரிக்காவை ஓபியாய்டு போதையில் தள்ளிய அந்த மாத்திரை 1996இல் வந்தது. அதைக் கொண்டுவந்தது அவருடைய தம்பிகளின் குடும்பம். ஆர்தர் செத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதேபோல அவர் இந்தச் சிலையைத் திருடினார் என்றும் யாரும் சொல்லவில்லை. பணம் கொடுத்து வாங்கியவர். ஆனால் 'இது எங்கிருந்து வந்தது?' என்று அழுத்திக் கேட்காமல் வாங்குகிற பணக்காரர்கள் இருந்ததால்தான் இங்கே பூட்டு உடைந்தது. இதைச் சொல்லாம தாண்டிப் போக முடியாது. மருந்து பாட்டில்ல பேட்ச் நம்பர் இல்லைன்னா ஒரு டாக்டர் ஊசி போடுவாரா?

நடராஜர் கதை இன்னும் ஒரு படி மேலே. அவர் திருத்துறைப்பூண்டி பவ ஔஷதீஸ்வரர் கோயிலைச் சேர்ந்தவர். தமிழில் பிறவி மருந்தீசர். பிறவி என்ற வியாதிக்கே மருந்து தருகிறவர் என்று அர்த்தம். எங்களுக்கெல்லாம் சீஃப். அவர் 1957இல் கோயிலில் இருந்ததற்கு இதே புதுச்சேரிப் படம் இருக்கிறது. அருங்காட்சியகம் 2002இல் நியூயார்க் வியாபாரி ஒருவரிடம் விலைக்கு வாங்கியது. வாங்கும்போது காட்டிய ஆவணங்களே பொய்யானவை என்று பிற்பாடு அவர்கள் ஆய்விலேயே தெரிந்தது. சேக்லர் நன்கொடை 1987. அந்தக் காலம் அப்படின்னு ஒரு சாக்குச் சொல்லலாம். 2002க்கு என்ன சாக்கு? யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்து 32 வருஷம் ஆன பிறகு நடந்த வியாபாரம் அது.

நம்ம பக்கம் என்ன நடந்ததுன்னும் பார்க்கணும். அமெரிக்காக்காரன் நல்லவன் ஆயிட்டான்னு மட்டும் சொல்லி முடிச்சா அது பாதிக் கதை. தமிழ்நாடு காவல்துறையின் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு 2022இலேயே வீரசோழபுரம் கோயிலின் ஆறு சிலைகளை இதே புதுச்சேரிப் படங்களை வைத்து அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் ஏல நிறுவனத்திலும் அடையாளம் கண்டது. திரிபுராந்தகர், திரிபுரசுந்தரி, நடராஜர், வீணாதர தட்சிணாமூர்த்தி, பிறகு சுந்தரரும் பரவையும். பட்டியலைக் கவனிங்க. ஒரு கிராமக் கோயிலின் உற்சவர் வரிசையே காலி. அடுத்த வருஷம் ஸ்மித்சோனியன் ஆய்வாளர்களும் புதுச்சேரி நிறுவனத்தோடு சேர்ந்து தங்கள் பக்கத்திலிருந்து ஒத்துப் பார்த்தார்கள். இந்தியத் தொல்லியல் துறை ஆராய்ந்து, சட்டத்தை மீறி எடுக்கப்பட்டவைதான் என்று உறுதி சொன்னது.

இது முதல் தடவையும் இல்லை. பக்கத்து ஊர் விருத்தாசலத்தையே எடுத்துக்கோங்க. விருத்தகிரீஸ்வரர் கோயில் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இருந்தது. அங்கேயும் புதுச்சேரி நிறுவனத்தின் 1974ஆம் வருஷப் படம்தான் கதையை உடைத்தது. 2014இல் ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு சேர்ந்து திரும்பி வந்தது. அந்த நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தது. விற்ற சுபாஷ் கபூருக்கு வேறொரு கோயில் சிலைத் திருட்டில் 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது.

விருத்தாசலம்னதும் சுந்தரர் மறுபடி வர்றார். பரவைக்காகப் பன்னிரண்டாயிரம் பொன் அங்கே சிவனிடம் வாங்கி, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்று கதை. மணிமுத்தாறு எங்கிருந்து வருதுன்னு தெரியுமா? நம்ம கல்வராயன் மலையிலிருந்துதான். மலையில பெய்யற மழை சங்கராபுரம் பக்கம் அணையில தேங்கி, விருத்தாசலம் கோயிலைத் தொட்டுக்கிட்டுப் போகுது. அந்தக் கதையிலும் ஒரு ஒப்பீடு வருகிறது. ஆற்றில் போடும் முன் பொன்னில் ஒரு துண்டு வெட்டிக் கையில் வைத்துக்கொள்கிறார் சுந்தரர். அதற்கு மச்சம் என்று பெயர். திருவாரூரில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால், மாற்றுக் குறைந்திருக்கிறது! பாட்டுப் பாடிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எங்க லேப்ல கன்ட்ரோல் சாம்பிள்னு சொல்றோமே, அதேதான் மச்சம். கொடுத்தது கடவுளே ஆனாலும் ஒரு துண்டை வெட்டி வெச்சுக்கிட்ட ஆள் இவர். தன்னோட சிலைக்கு மச்சம் வெச்சது ஒரு பிரெஞ்சு நிறுவனம்.

எனக்கு உறுத்தறது அந்த இடம்தான். ஏன் நம்மகிட்ட ஒரு பதிவு இல்லை? கோயில் நகைக்கும் பாத்திரத்துக்கும் பதிவேடு உண்டு. 'உலோகச் சிலை, ஒன்று, உயரம் இவ்வளவு' என்று ஒரு வரி. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. 'ஆண், வயது 50, மாநிறம்' என்று எழுதினால் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? படம் எடுத்திருந்தால்தான் உண்டு. அந்தப் படத்தைக்கூட, ஆராய்ச்சிக்காக வேற யாரோ எடுத்தது தற்செயலா நமக்கு உதவி பண்ணுச்சு. அவங்க கார் அன்னைக்கு வீரசோழபுரம் வரைக்கும் வராம தியாகதுருகத்திலேயே திரும்பியிருந்தா?

அப்படித் திரும்பிய ஊர்கள் நிச்சயம் இருக்கும். அந்த ஊர்ச் சாமிகள் எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், 'தென்னிந்தியா, சோழர் காலம்' என்ற பொதுப் பெயரோடு நின்றுகொண்டிருக்கும்.

வீரசோழபுரம் வேறு ஒரு காரணத்துக்காகவும் செய்தியில் வந்தது. புது மாவட்டம் ஆனபோது ஆட்சியர் அலுவலகம் கட்ட அந்த ஊர் அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குச் சொந்தமான நிலம் தேர்வானது. கோயில் நிலத்தை எடுக்கலாமா என்று வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் நியாய அநியாயம் தனி த்ரெட்டுக்கான விஷயம், இங்கே இழுக்கவில்லை. ஆனால் ஒரு சின்னக் கிராமக் கோயிலின் சிலை வாஷிங்டனில், நிலம் நீதிமன்றத்தில் என்கிற நிலைமை வந்தால், அங்கே ஒருவேளை விளக்கேற்றிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் யார் நின்றார்கள் என்ற கேள்வி எனக்கு வருகிறது.

இப்ப எல்லாரும் கேக்கற கேள்வி: திரும்பி வந்தா சாமி எங்க போகும்?

முன் அனுபவம் அவ்வளவு சந்தோஷமா இல்லை. 1976இல் பத்தூரில் மாட்டுக் கொட்டகை போடத் தோண்டியபோது கிடைத்து, லண்டன் போய்விட்ட நடராஜரை நினைவிருக்கிறதா? கோயிலின் சிவலிங்கமே வழக்காடியாக நின்று 1988இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்த வழக்கு அது. உலகமே வியந்தது. 1991இல் நடராஜர் ஊர் திரும்பினார். போய்ச் சேர்ந்தது பத்தூர் இல்லை, திருவாரூரில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையம். ஸ்ரீபுரந்தான் நடராஜருக்குக் கும்பகோணம் மையம். பாதுகாப்பு வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மையங்களில் பக்தரும் பார்க்க முடியாது, மாணவரும் பார்க்க முடியாது. வாஷிங்டன்ல டிக்கெட் கூட வாங்காம யார் வேணும்னாலும் போய்ப் பார்த்தாங்க. இங்க இரும்புக் கம்பிக்குப் பின்னாடி இருட்டுல. இதைச் சொன்னா சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

'அப்ப அங்கேயே இருந்திருக்கலாமே'ன்னு கேக்கறவங்களுக்கு: இல்லைங்க. உற்சவ மூர்த்தம் பார்வைக்குச் செய்ததில்லை, புறப்பாட்டுக்குச் செய்தது. பீடத்தில் கழி செருகும் ஓட்டைகள் எதற்கு இருக்கின்றன? தோளில் தூக்கத்தான். ஆடிச் சுவாதி அன்றைக்குச் சுந்தரர் வெளியே வர வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் எவ்வளவு நல்ல வெளிச்சம் போட்டாலும் அது அந்த உருவத்துக்கு விதித்த வேலை இல்லை.

நடுவழி ஒன்று எனக்குத் தோன்றுகிறது. கோயிலுக்குள்ளேயே கம்பிக் கதவு, அலாரம், கேமரா போட்ட ஓர் அறை. கூட அந்த 1956 படத்தின் பெரிய பிரதி ஒன்று சுவரில். எப்போது போனார், எங்கே இருந்தார், எப்படி வந்தார் என்று தமிழில் நாலு பாரா. உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்க்கட்டும். மாவட்டத்தில் கைக்கும் கலைக்கும் பஞ்சம் இல்லை. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கதவும் வாகனமும் செய்கிற ஆட்களை வைத்தே அந்த அறையை அழகாக அமைக்கலாம். மலையமான் ஆண்ட திருக்கோவலூர், 1981இல் அதியமான் அஞ்சியின் தமிழிக் கல்வெட்டு கிடைத்த ஜம்பை, சுந்தரர் பிறந்த திருநாவலூர், எல்லாமே ஒரு நாள் சுற்றுக்குள் அடங்கும். காலையில் ஜம்பைக் குன்று, மதியம் திருக்கோவலூர், சாயங்காலம் திருநாவலூர் என்று நீங்களே போய்ப் பாருங்க. தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க, ஜம்பைப் பக்கம் வெயில் கொளுத்தும்.

மூன்றில் திருத்துறைப்பூண்டி நடராஜர் மட்டும் இப்போதைக்கு வரவில்லை. உரிமை இந்தியாவுக்கு, சிலை நீண்டகால இரவலாக அங்கேயே காட்சியில் இருக்கும், அது எடுக்கப்பட்ட கதையையும் சேர்த்துச் சொல்லுவோம் என்று ஒப்பந்தம். சுந்தரரும் பரவையும், சோமாஸ்கந்தரும் திரும்ப வரும் பட்டியலில் இருக்கிறார்கள். வீரசோழபுரத்துப் பட்டியலில் இன்னும் திரிபுராந்தகர், திரிபுரசுந்தரி, அந்தக் கோயில் நடராஜர், வீணை பிடித்த தட்சிணாமூர்த்தி பாக்கி.

கடைசியா ஒரு வேலை சொல்றேன். உங்க ஊர்க் கோயில், தர்கா, மாதா கோயில் எதுவா இருந்தாலும் சரி, அர்ச்சகர், முத்தவல்லி, பங்குச் சாமியார்கிட்ட கேட்டு அனுமதி வாங்குங்க. பழைய பொருள் ஒவ்வொண்ணையும் முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, பீடம்னு நல்ல வெளிச்சத்துல படம் எடுங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல் வையுங்க. தேய்மானம், விரிசல், ஒட்டு இருந்தா அதைக் கிட்டப் போய்த் தனியா எடுங்க. ஊர், தாலுகா, தேதி எழுதி ரெண்டு மூணு இடத்துல சேமிங்க. சமூக வலைத்தளத்துல மட்டும் போடாதீங்க, அது திருடனுக்குப் போடுற விளம்பரம் ஆயிடும்.